நாற்பது வயதில் வளையத்தின் கீழ்

விளையாட்டு வீரர் ஒருவரின் உடல் எல்லாப் பகுதிகளிலும் ஒரே வேகத்தில் மூப்படைவதில்லை என்பதும், எது முந்தித் தளர்கிறது, எது கடைசிவரை தாக்குப்பிடிக்கிறது என்பதை அறிந்து நடக்கும் அணியே மூத்த நட்சத்திரங்களுடன் ஒரு நீண்ட பருவகாலத்தைக் கடக்கிறது என்பதும் கடந்த சில தசாப்தங்களில் விளையாட்டு மருத்துவம் தெளிவாக்கியுள்ள உண்மைகளாகும். இதற்கான சான்றை இலங்கையர் தொலைவில் தேடவேண்டியதில்லை. 2022 செப்டம்பர் 11 அன்று, டுபாயில் இலங்கைக் கிரிக்கெட் அணி பாகிஸ்தானை வென்று ஆசியக் கிண்ணத்தைக் கைப்பற்றிய அதே நாளில், கயாஞ்சலி அமரவன்ச தலைமையிலான இலங்கை வலைப்பந்தாட்ட அணி சிங்கப்பூரை அதன் சொந்த மண்ணிலேயே 63–53 என்ற கணக்கில் வீழ்த்தி, ஆறாவது தடவையாக ஆசியச் சம்பியனானது. அந்த அணிக்காகக் கோல்களை எய்தவர் நாற்பது வயதைக் கடந்துவிட்ட தர்ஜினி சிவலிங்கம். யாழ்ப்பாண மாவட்டத்தில் பிறந்து, வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பயின்ற அவர், 2009 இல் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றபோதும் அணியில் இருந்தார். 2018 இல் வென்றபோதும் இருந்தார். 2019 இல் லிவர்பூலில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியில் 348 கோல்களுடன் எல்லா நாட்டு வீராங்கனைகளையும் முந்தி முதலிடம் பெற்றார்.

2.08 மீற்றர் உயரமுள்ள அவரது உச்சந்தலைக்கும் 3.05 மீற்றர் உயரத்திலுள்ள வளையத்துக்கும் இடையில் 97 சென்ரிமீற்றரே உள்ளது என்பதால், அவரது சாதனை முழுவதையும் உயரத்தின் கணக்கில் எழுதிவிடுவோர் உண்டு. அது நியாயமன்று. வலைப்பந்தாட்ட வளையத்தின் உள்விட்டம் 38 சென்ரிமீற்றர், பந்தின் விட்டம் ஏறத்தாழ 22 சென்ரிமீற்றர். கூடைப்பந்தாட்டத்தில் உள்ளதுபோல் பந்தைத் தட்டி உள்ளே விழச்செய்யப் பின்பலகையும் கிடையாது. பந்து கைக்கு வந்த 3 செக்கனுக்குள் எய்துவிட வேண்டும். உயரமானவர் என்பதற்காக வளையம் அகலமாகிவிடுவதில்லை. எனினும், ஆட்ட விதிகள் வேறொரு வகையில் மூத்த வீராங்கனைக்குத் துணை நிற்கின்றன. 1891 இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் உருவாக்கிய கூடைப்பந்தாட்டம் இங்கிலாந்தின் பெண்கள் கல்லூரிகளுக்குச் சென்று உருமாறியபோது, பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓடுவது கைவிடப்பட்டு, ஒவ்வொருவரும் நடமாடக்கூடிய எல்லையும் வகுக்கப்பட்டது. கோல் எய்பவர் ஆடுகளத்தின் மூன்றில் ஒரு பகுதிக்குள்ளேயே நிற்கவேண்டும் என்பதால், நடுக்கள வீராங்கனை ஓடும் தூரத்தில் ஒரு பகுதியையே அவர் ஓடவேண்டியிருக்கிறது. ஆகவே மூப்பு முதலில் பறித்துக்கொள்ளும் திறன்கள் அந்த இடத்தில் குறைவாகவும், மூப்பு தொடத் தயங்கும் திறன்கள் அதிகமாகவும் வேண்டப்படுகின்றன.

முதலில் பறிபோவது வெடிவேகம், அதாவது கணப்பொழுதில் பாய்ந்தெழும் ஆற்றல். மனிதத் தசையில் மெதுவாகச் சுருங்கி நீண்ட நேரம் களைக்காத இழைகளும், விரைவாகச் சுருங்கி விரைவிலேயே களைத்துவிடும் இழைகளும் கலந்துள்ளன; குதிப்பதற்கும் திடீரெனத் திசைமாறுவதற்கும் இரண்டாம் வகையே தேவைப்படுகிறது. வயது ஏறும்போது இந்த விரைவு இழைகள் மெலிகின்றன. அவற்றை இயக்கும் நரம்புகளிற் சில மடிந்துபோக, அநாதரவான இழைகளை அயலிலுள்ள மெதுவகை நரம்புகள் பொறுப்பேற்பதால் அவையும் மெதுவானவையாக மாறிவிடுகின்றன. இந்த மாற்றம் ஐம்பது வயதுக்குப் பின்னரே வேகமெடுக்கிறது என்றாலும், உச்ச மட்டத்தில் விளையாடுவோர் அதன் தொடக்கத்தை முப்பதுகளிலேயே உணர்கின்றனர். இருதயத்தின் கதையும் இதைப் போன்றதே. பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரு சமன்பாட்டின்படி, வயதை 0.7 ஆல் பெருக்கி 208 இலிருந்து கழித்தால் கிடைப்பதே ஒருவரின் உச்ச இருதயத் துடிப்பு வீதம். 20 வயதில் நிமிடத்துக்கு 194 ஆக இருக்கும் அது 40 வயதில் 180 ஆகிறது. எவ்வளவு பயிற்சி செய்தாலும் இந்த இறக்கம் பெரிதாகத் தடைப்படுவதில்லை. ஆனால், கடும் உழைப்பின்போது உடல் பயன்படுத்தக்கூடிய ஒட்சிசனின் உச்ச அளவு அவ்வாறன்று. உடற்பயிற்சி அற்றவர்களில் அது முப்பது வயதின் பின் தசாப்தத்துக்கு ஏறத்தாழ 10 சதவீதம் குறைய, தீவிரப் பயிற்சியைக் கைவிடாதவர்களில் அந்த இழப்பு ஏறக்குறைய பாதியாகவே இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன.

தசையையும் இருதயத்தையும் விட மூத்த வீரரை அச்சுறுத்துவது தசைநாண், அதாவது தசையை எலும்புடன் பிணைக்கும் உறுதியான இழையம். இதன் இயல்பை 2013 இல் டென்மார்க் ஆய்வாளர்கள் வெளிப்படுத்திய விதம் வியப்புக்குரியது. 1955 முதல் 1963 வரை வல்லரசுகள் திறந்த வெளியில் நடத்திய அணுகுண்டுச் சோதனைகள் வளிமண்டலத்தில் காபன்–14 என்னும் கதிரியக்க அணுவின் அளவை ஏறத்தாழ இரட்டிப்பாக்கின. அது பயிர்களிலும் உணவிலும் கலந்து, அக்காலத்தில் வாழ்ந்த ஒவ்வொருவரின் உடலிலும் ஆண்டு முத்திரைபோலப் பதிந்தது. இறந்தவர்களின் குதிநாணை, அதாவது கெண்டைக்காலையும் குதிகாலையும் இணைக்கும் தசைநாணை எடுத்து ஆராய்ந்தபோது, அதன் உட்பகுதியில் அவர்கள் இறந்த காலத்துக்குரிய காபன் அளவு காணப்படவில்லை. வாழ்வின் முதல் 17 ஆண்டுகளுக்குரிய அளவே காணப்பட்டது. தோல் புதுப்பிக்கப்படுகிறது, இரத்தம் புதுப்பிக்கப்படுகிறது. குதிநாணின் உட்பகுதியோ வளரும் பருவத்தில் உருவானதோடு சரி. கல்முனைக் கடற்கரையில் கரைவலை இழுக்கும் கயிறு ஒவ்வோர் இழுப்பிலும் சிறிது தேய்ந்தாலும் புதிதாய் முறுக்கப்படாமலே மீண்டும் கடலுக்குள் இறங்குவதைப் போல, நாற்பது வயது வீரர் தமது பதின்பருவத்து நாண்களோடுதான் களமிறங்குகிறார். சிறு சிதைவுகள் ஆறுவதற்குக் கால இடைவெளி தேவை என்பதனாலேயே, அடுத்தடுத்த நாட்களில் ஆடுவது இருபது வயதினரைவிட அவரையே அதிகம் பாதிக்கிறது.

இனி, எஞ்சியிருப்பவற்றைப் பார்க்கலாம். கனடாவின் ஆய்வாளர் ஜோன் விக்கர்ஸ் 1996 இல் கூடைப்பந்தாட்டத் தனி எறிகளை ஆராய்ந்து, தேர்ந்த வீரர்களின் பார்வை எறிவதற்குச் சற்று முன்னர் வளையத்தின் ஒரே புள்ளியில் நீண்ட நேரம் அசையாது தங்குவதையும், தேர்ச்சி குறைந்தவர்களின் பார்வை அங்குமிங்கும் அலைவதையும் காட்டினார். இதற்கு அவர் அமைதிக் கண் எனப் பொருள்படும் பெயரிட்டார். ரோம் நகரில் சல்வடோரே அக்லியோட்டியின் குழு 2008 இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே சென்றது. தனி எறியின் காணொளியை இடையில் நிறுத்தி, பந்து உள்ளே விழுமா என்று கேட்டபோது, விளையாட்டு வீரர்கள் பந்து கையை விட்டு நீங்குவதற்கு முன்பே எறிபவரின் உடலசைவைப் பார்த்துச் சரியாகக் கணித்தனர். ஆயிரக்கணக்கான ஆட்டங்களைப் பார்த்துப் பழகிய பயிற்றுவிப்பாளர்களாலும் விளையாட்டுச் செய்தியாளர்களாலும் அவ்வளவு முந்திக் கணிக்க இயலவில்லை. கண்ணால் மட்டும் பெற்ற அனுபவத்துக்கும் உடலால் பெற்ற அனுபவத்துக்கும் உள்ள வேறுபாடு இது. வயதோடு சேர்ந்து வளரும் இந்த முன்னறியும் திறன், கால்கள் இழந்த கணப்பொழுதுகளைத் திருப்பித் தருகிறது.

இவ்வறிவை ஒரு பருவகாலம் முழுவதும் செயற்படுத்திக் காட்டிய தொழில்முறை அணி அமெரிக்காவின் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ். அந்நாட்டின் தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கத்தில் ஓர் அணி ஒக்டோபர் இறுதியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதிவரை 82 ஆட்டங்கள் ஆடவேண்டும்; அதன் பின்னரே சம்பியன் பட்டத்துக்கான சுற்றுகள் தொடங்கும். 2012 நவம்பர் 29 அன்று, தொடர்ந்து ஆறு ஆட்டங்களை வெளியூர்களில் ஆடவேண்டியிருந்த பயணத்தின் கடைசி நாளில், பயிற்றுவிப்பாளர் கிரெக் பொப்போவிச் தமது மூத்த வீரர்களான டிம் டங்கன், மனு ஜினோபிலி, டோனி பார்க்கர் ஆகியோரையும் இளையவரான டேனி கிரீனையும் ஆட்டத்துக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பிவைத்தார். ஐந்து இரவுகளில் நான்காவது ஆட்டம் அது. நாடெங்கும் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ஆட்டத்தில் நட்சத்திரங்களை ஒளித்துவைத்ததாகக் கூறிச் சங்கம் அவ்வணிக்கு 250,000 டொலர் தண்டப்பணம் விதித்தது. பணம் கொடுத்துப் பார்க்கவந்த இரசிகரின் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஆயினும் உடலியல் பொப்போவிச்சின் பக்கமே நின்றது.

அடுத்த ஆண்டு, 2013–14 பருவகாலத்தில், அவர் அதே கொள்கையை அணி முழுவதற்கும் விரித்தார். 48 நிமிட ஆட்டத்தில் அவ்வணியின் எந்த வீரரும் சராசரியாக 30 நிமிடங்களைத் தொடவில்லை. சங்கத்தின் வரலாற்றில் அதற்குமுன் அவ்வாறு நிகழ்ந்ததில்லை. ஆடுகளத்தில் நிற்கும் நேரத்தைப் பலருக்கும் பகிர்ந்தளித்ததால் மாற்று வீரர்கள் ஆட்டப் பழக்கம் பெற்றனர். ஓடுவதைக் குறைத்துப் பந்தை வேகமாகக் கைமாற்றியதால், ஜினோபிலி போன்றவர்களின் முன்னறியும் கண் முழுமையாகப் பயன்பட்டது. 62 வெற்றிகள், 20 தோல்விகள். இறுதிச் சுற்றில், முந்தைய ஆண்டு தங்களைத் தோற்கடித்த மயாமி ஹீட் அணியை 4–1 என வென்றபோது டங்கனுக்கு 38 வயது, ஜினோபிலிக்கு 36. இறுதிச் சுற்றின் சிறந்த வீரராகத் தெரிவானவரோ 22 வயதான கவாய் லெனார்ட். மூத்தவர்களின் வெற்றி என்று பேசப்படும் அந்தப் பருவகாலம், உண்மையில் மூத்தவரின் நிமிடங்களை இளையவரிடம் நம்பி ஒப்படைத்ததன் வெற்றியாகும்.

ஆட்டங்களைத் தவிர்ப்பது மட்டுமே மருந்து என்று இதிலிருந்து முடிவுகட்டிவிட முடியாது. ஸ்பர்ஸைப் பின்பற்றிப் பல அணிகள் நட்சத்திரங்களை அடிக்கடி அமரவைக்கத் தொடங்கிய பின்னர், அச்சங்கத்துக்காகத் தயாரிக்கப்பட்டு 2024 ஜனவரியில் வெளிவந்த அறிக்கை, ஆட்டங்களைத் தவிர்ப்பவர்களுக்குக் காயங்கள் குறைவு என்பதற்குத் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை என்றது. ஒரேயடியாக ஓய்ந்திருந்துவிட்டுத் திடீரெனக் கடும் சுமையை ஏற்பதும் தசைநாணுக்குக் கேடாகலாம். அளவான சுமை தொடர்ச்சியாகக் கிடைப்பதே அதற்கு உகந்தது.

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் போன்ற ஊர்களில், மூத்தவர் எவ்வளவு ஆடலாம், எவ்வளவு ஓயலாம் என்ற கேள்வி ரமழான் மாதத்தோடும் சேர்ந்து எழுகிறது. நைஜீரியாவின் லாகோஸ் நகரில் பிறந்த ஹக்கீம் ஒலாஜுவன், ஏறத்தாழ முழுவதும் ரமழானாகவே அமைந்த 1995 பெப்ரவரியில் நோன்பு நோற்றவாறே ஹியூஸ்டன் ரொக்கட்ஸ் அணிக்கு ஆடி, சங்கத்தின் அம்மாதத்துக்குரிய சிறந்த வீரராகத் தெரிவானார். அப்போது அவருக்கு 32 வயது. அம்மாத நடுவில் வந்துசேர்ந்த அவரது பல்கலைக்கழகத் தோழர் கிளைட் ட்ரெக்ஸ்லருக்கும் அதே வயது. தமது பிரிவில் ஆறாம் இடத்தையே பெற்றிருந்த அந்த அணி, இறுதிச் சுற்றில் 23 வயதான ஷாகில் ஓ'நீலின் ஒர்லாண்டோ மெஜிக் அணியை 4–0 என வென்றது. அந்தத் தரவரிசையிலிருந்து அதற்குப் பின் எந்த அணியும் பட்டம் வென்றதில்லை. நோன்பு காலத்தில் உறக்கமும் நீரும் உணவும் இரவில் முறையாக ஈடுசெய்யப்படின் செயல்திறன் இழப்பு சிறிதாகவே இருக்கும் என்பதைக் காற்பந்து வீரர்களிடம் செய்யப்பட்ட ஆய்வுகளும் காட்டுகின்றன. நிலநடுக்கோட்டுக்கு அண்மையிலுள்ள இக்கரையோரத்தில் நோன்பின் நீளம் ஆண்டுக்காண்டு பெரிதாக மாறாது என்பது ஒரு வசதி. தராவீஹ் தொழுகைக்குப் பின் மின்னொளியில் ஆடிவிட்டு, விடியலுக்கு முந்திய ஸஹர் உணவுக்காக மீண்டும் எழும் நாற்பது வயதினருக்கு உறக்கமே அதிகம் குறைகிறது என்பதுதான் பெரிய சிக்கல். தசையின் பழுதுபார்ப்புக்குத் துணைபுரியும் வளர்ச்சி ஓமோன் பெருமளவில் சுரப்பது ஆழ்ந்த உறக்கத்திலேயே.

கிழக்கிலங்கைக்குக் கூடைப்பந்தாட்டம் புதியதன்று. அமெரிக்க இயேசுசபைத் துறவியான யூஜின் ஹேபர்ட் அடிகளார் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் தலைமுறை தலைமுறையாக மாணவரைப் பயிற்றுவித்து, நாடறிந்த அணிகளை உருவாக்கினார். 1990 ஓகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் அவர் காணாமற்போனது இப்பிராந்தியத்தின் ஆறாத துயரங்களில் ஒன்று. தெற்கே கல்முனைப் பகுதியில் காற்பந்தும் மென்பந்துக் கிரிக்கெட்டுமே மேலோங்கின. அஸர் தொழுகைக்குப் பின் மைதானங்களில் இறங்குவோரில் நரை விழுந்த ஆண்கள் பலர் உண்டு. பெண்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. பாடசாலை அணியில் வலைப்பந்து ஆடிய மாணவி உயர்தரப் பரீட்சையோடு ஆட்டத்தை விட்டுவிடுவதே வழக்கமாக உள்ளது. உடலியல் நோக்கில் இதைவிடப் பெரிய வீணடிப்பு வேறில்லை. குதித்து ஆடும் விளையாட்டுகள் பதின்பருவப் பெண்களின் எலும்பை அடர்த்தியாக்குகின்றன என்பது உறுதியாக நிறுவப்பட்டது. மாதவிடாய் நின்றபின் எலும்பு மெலியும் காலத்தில் அந்தச் சேமிப்பே இடுப்பெலும்பு முறிவிலிருந்து காக்க உதவுகிறது. இடையில் விளையாட்டைக் கைவிட்டால் அதில் ஒரு பகுதி கரைந்துபோகிறது. மூத்தவர்களை அரவணைக்கும் விதிகளைக் கொண்ட விளையாட்டு ஏற்கெனவே அவர்கள் கற்றுக்கொண்டதாகவே இருக்க, அதற்குத் தேவைப்படுவது அணிக்கு ஏழு பேர், 30.5 மீற்றர் நீளமும் 15.25 மீற்றர் அகலமும் கொண்ட சமதளம், இரண்டு கம்பங்கள், பெண்கள் மட்டும் கூடக்கூடிய ஒரு மறைவான மாலைப்பொழுது ஆகியவையே. கரையோரத்தின் மகளிர் பாடசாலைகளில் முதல் மூன்றும் உள்ளன. வாரத்தில் இரண்டு நாள் பிற்பகல் மூன்றரை மணிக்குப் பின் பழைய மாணவியருக்கு வாயிற்கதவைத் திறந்துவிட்டால் நான்காவதும் கிடைத்துவிடும்.