கையெழுத்துக்குக் கீழே ஒரு வால்!

எங்கள் நாகமலை புதுக்கோட்டையில் மலையே பாம்பு மாதிரி நீளமாகப் படுத்திருக்கும். வால் எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் ஒரு வால், என் சிநேகிதனின் ஆர்டரையே விழுங்கிவிட்டது. மலையின் வால் இல்லை ஸார், ஈ-மெயிலின் வால்!

அவன் அச்சகம் வைத்திருக்கிறான். நாலு மணிக்குள் கொட்டேஷன் கேட்டது ஒரு கம்பெனி. மூன்றரைக்கே அனுப்பிவிட்டான். மறுநாள் போன் போட்டால், “உங்க மெயிலே வரலையே தம்பி!” வந்திருந்தது... ஸ்பாம் என்கிற குப்பைத்தொட்டிக்கு. ஆர்டர் வேறொருவருக்குப் போயாச்சு. இரண்டு மாச வாடகை அதில் இருந்தது.

துருவிப் பார்த்தோம்.

இன்று பெரும்பாலான மெயில்களில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கையெழுத்து போகிறது. பெயர் டீகிம். யாஹூ, சிஸ்கோ இருவரின் யோசனைகளையும் சேர்த்து 2007-ல் வந்தது. அனுப்பும் சர்வர் கடிதத்தை ஓர் எண்ணாகச் சுருக்கி, ரகசியச் சாவியால் கையெழுத்துப் போடும். வாங்கும் சர்வர், டி.என்.எஸ்.ஸில் உள்ள பொதுச் சாவியை வைத்து ஒப்பிடும். ஓர் எழுத்து மாறினாலும் கணக்கு டேலி ஆகாது.

சிநேகிதனின் சர்வர் ஒழுங்காகத்தான் கையெழுத்துப் போட்டது. வாசலில் நின்ற இன்னொரு சர்வர், “இந்த மடல் ரகசியமானது...” என்று அடியில் நாலு வரி ஒட்டிவிட்டது. ஆடிட்டர் கையெழுத்துப் போட்ட பாலன்ஸ் ஷீட்டில் குமாஸ்தா ஒரு வரி சேர்த்த கதை! போதாததற்கு, அந்த வாசல் சர்வரின் முகவரி எஸ்.பி.எஃப். என்ற அனுமதிப் பட்டியலிலும் இல்லை. இரண்டு சாட்சியும் போச்சு.

தமிழுக்கு இன்னொரு கண்டமும் உண்டு. நம் எழுத்துகள் எட்டு பிட் சமாசாரம். வழியில் ஒரு பழைய சர்வர் அதை ஏழு பிட்டுக்குப் பெயர்த்தால், படிப்பவருக்கு அதே ‘வணக்கம்’தான், கையெழுத்து மட்டும் காலி. பெயர்த்த பிறகு கையெழுத்துப் போடுவதே புத்திசாலித்தனம்.

ஆகவே, கையெழுத்து தேறாத மெயிலெல்லாம் போலி இல்லை. தேறியதெல்லாம் யோக்கியமும் இல்லை. கையெழுத்து சொல்வது இரண்டே விஷயம்: எந்த டொமைன் பொறுப்பேற்றது, நடுவில் யாரும் கை வைக்கவில்லை.

உங்கள் ஆபீஸ் மெயிலை உங்கள் ஜிமெயிலுக்கே ஒருமுறை அனுப்பி, ‘ஷோ ஒரிஜினல்’ அமுக்கிப் பாருங்கள். டீகிம் பாஸா, ஃபெயிலா என்று ரிசல்ட் தெரிந்துவிடும். ஃபெயில் என்றால் கம்ப்யூட்டர்காரரிடம் சொல்லுங்கள்: “முதல்ல வால், அப்புறம் கையெழுத்து!”

சிநேகிதன் மாற்றிவிட்டான். அடுத்த கொட்டேஷன் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.

ஆர்டர்? ரேட் ஜாஸ்தியாம். அதற்கு எந்த சர்வரும் பொறுப்பில்லை!