கர்ப்பிணி வாத்து!

ஏதோ குழந்தைக் கதையின் தலைப்பு என்று நினைத்தால் ஏமாந்தீர்கள்! டென்மார்க்கில் ஒரு வெள்ளிக் கூஜாவுக்குக் கிடைத்த செல்லப் பெயர் இது.

1952-ல் ஜார்ஜ் யென்சன் கம்பெனிக்காக அதை வடிவமைத்தவர் ஹென்னிங் கோப்பல். கீழே கும்மென்று தொப்பை, மேலே ஒயிலாக நீளும் கழுத்து. பார்த்ததும் சிரிப்பு வரும். இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் மரியாதை வரும். பூ இல்லை, கொடி இல்லை, ஒரு கோடுகூட இல்லை. மழமழவென்று கண்ணாடி மாதிரி வெள்ளி. அவ்வளவுதான்!

கோப்பல் சிற்பக்கலை படித்தவர். யூதர். 1943-ல் நாஜிகள் டென்மார்க் யூதர்களை வளைக்கக் கிளம்பியபோது, ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் படகேறி ஸ்வீடனுக்குத் தப்பினார்கள். யுத்த காலத்தில் ஸ்வீடன் போய்ச் சேர்ந்தவர்களில் கோப்பலும் ஒருவர். 1945-ல் யுத்தம் முடிந்து ஊர் திரும்பி, யென்சன் கம்பெனியில் சேர்ந்தபோது அவருக்கு வயது 27.

கம்பெனியை 1904-ல் கோபன்ஹேகனில் தொடங்கிய யென்சன், திராட்சைக் கொத்து, பூ மொட்டு என்று இழைத்தவர். சுத்தியல் பட்ட தடத்தைக்கூட அழகுக்காக விட்டு வைப்பார். கோப்பல் எல்லாவற்றையும் துடைத்துப் போட்டார்!

'அப்போ வேலை சுலபமாச்சே' என்கிறீர்களா? அங்கேதான் வில்லங்கம்!

உருண்டையான பாத்திரம் என்றால் மெஷினில் சுழற்றி எடுத்துவிடலாம். வாத்து கோணல்மாணலான உருவமாச்சே? தட்டையான தகட்டை இரும்பு அச்சில் வைத்துத் தட்டித் தட்டித்தான் வளைக்க வேண்டும். தட்டத் தட்ட வெள்ளி விறைத்துக்கொள்ளும். நெருப்பில் காட்டி இளக்க வேண்டும். மறுபடி தட்டு, மறுபடி நெருப்பு... பூ வேலைப்பாடு இருந்தால் சின்னப் பள்ளத்தை ஓர் இலைக்கு அடியில் மறைத்துவிடலாம். இதில்? விளக்கு வெளிச்சம் பட்டதும் பள்ளம் பல்லிளித்துவிடும்! கோப்பலின் பெயர் ஊருக்குத் தெரியும். சுத்தியல் பிடித்த கைகளுக்குச் சொந்தக்காரர்கள் யார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, சாமானியனின் சாப்பாட்டு மேஜைக்கு? அதற்கு ஸ்டீல் வந்தது. யென்சனிடம் தொழில் கற்ற கே போயெசன் 1938-ல் வடிவமைத்த ஸ்பூன், முள்கரண்டி செட், 1951-ல் மிலான் கண்காட்சியில் 'கிராண்ட் ப்ரீ' பரிசைத் தட்டியது. பரிசின் பெயரே செட்டுக்கும் பெயராகிவிட்டது! வெள்ளியில் பிறந்த அது ஸ்டீலுக்கும் மாறியது. கட்டடக்கலைஞர் ஆர்னே யாகப்ஸன் 1957-ல் வடிவமைத்த ஸ்டீல் ஸ்பூன்களோ விண்வெளிக்கே போயின... நிஜத்தில் அல்ல, 1968-ல் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' சினிமாவில்!

உலோகம் மாறியது, அந்த மழமழ எளிமை மட்டும் மாறவில்லை.

ஆகவே, அடுத்த முறை பூவேலை இல்லாத ஒரு நல்ல பாத்திரத்தைப் பார்த்தால், 'இதுல என்ன இருக்கு?' என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். தப்பு ஒளிந்துகொள்ள இடமே இல்லாத வேலை அது!