நடுவே தூணில்லாக் கூரை

விளையாட்டரங்கின் நடுவே தூண்கள் நின்றால் ஆட்டம் தடைப்படும், பார்வையும் மறையும். ஆதலால் பேரரங்குகள் பலவற்றிற்குக் குவிமாடக் கூரை அமைக்கின்றனர். ஆனால், குவிமாடத்தின் எடை கீழ்நோக்கி அழுத்துவதோடு, அடிவிளிம்பை வெளிப்புறமாகவும் தள்ளும். அவ்விசையைத் தாங்காவிடில் விளிம்பு விரியும். மாடம் பிளந்து விழும்.

1960ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிகளுக்காக உரோம் நகரில் எழுந்த சிறிய அரங்கில், இத்தாலியப் பொறியாளர் பியர் லூயிஜி நெர்வி இதற்கு வழி கண்டார். முதலில், 1,620 மெல்லிய கான்கிரீட் வார்ப்புகளைத் தரையிலேயே செய்தனர். அவற்றைச் சாரத்தின்மேல் அடுக்கி, இடைவெளிகளில் கம்பியும் கான்கிரீட்டும் இட்டு ஒரே கூரையாக இணைத்தனர். விளிம்பைச் சுற்றிச் சாய்ந்து நிற்கும் 36 கவை வடிவத் தூண்கள் தள்ளுவிசையை நிலத்திற்குக் கொண்டுசெல்கின்றன. பீப்பாய்ப் பலகைகளை இரும்புப் பட்டை இறுக்குவதுபோல, அடித்தளத்திலுள்ள கான்கிரீட் வளையம் அவ்விசையைக் கட்டுப்படுத்துகிறது. கண்ணுக்குத் தெரிவது கூரை. அதனைக் காப்பதோ மண்ணுள் மறைந்த வளையம்.