ஈரல் பழுதானால் புத்தி தடுமாறும்

"அப்பாவுக்கு அறளை பெயர்ந்துவிட்டது." வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. பகலில் நித்திரை, இரவில் முழிப்பு, காரணமில்லாத கோபம், கையெழுத்துக் கோணல். வயது போய்விட்டது என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். ஆனால் அவருக்கு சிரோசிஸ் என்னும் ஈரல் சுருக்கநோய் இருந்தால், அது மருந்தால் மீட்கக்கூடிய மூளைப் பாதிப்பாக இருக்கலாம்.

நாய்களில் தொடங்கிய ஆய்வு

1893இல் ரஷ்யாவின் சென். பீற்றர்ஸ்பேர்க்கில் பாவ்லோவும் சகாக்களும் நாய்களின் குடலிலிருந்து வரும் இரத்தம் ஈரலுக்குள் போகாதபடி நாளத்தைத் திருப்பித் தைத்தார்கள். இறைச்சி தின்ற நாய்கள் தள்ளாடின. வலிப்பு வந்து மயங்கின. காரணங்களில் முக்கியமானது அமோனியா. குடலில் உண்டாகும் அதை ஈரல் யூரியாவாக்கிச் சிறுநீரில் அனுப்புகிறது. ஈரல் தளர்ந்தால் அது மூளைக்குப் போய்விடும்.

அங்கே என்ன நடக்கிறது? மூளையில் அமோனியாவைக் குளூட்டமினாக மாற்றும் நொதியம், நரம்புக்கலங்களைத் தாங்கி நிற்கும் அஸ்ட்ரோசைட் கலங்களில் இருப்பதை 1979இல் நோரன்பெர்க்கும் மார்ட்டினஸ் ஹெர்னாண்டஸும் எலிமூளையில் காட்டினர். குளூட்டமின் மிஞ்சும்போது அந்தக் கலங்கள் நீர் கோத்து வீங்குகின்றன. பின்னர் மயாமியில் நோரன்பெர்க்கின் ஆய்வுகூடத்தில் ராம ராவ், ஜெயகுமார் முதலியோர், அதே குளூட்டமின் கலத்தின் சக்தி நிலையமான இழைமணியையும் குலைப்பதை ஆராய்ந்தார்கள்.

பருப்பை நிறுத்தாதீர்கள்

அந்த நாய்களின் கதை நோயாளிகளுக்கு ஒரு தீங்கும் செய்தது. புரதமே கூடாது என்று பல்லாண்டு பட்டினி போட்டார்கள். 2004இல் பார்சலோனாவில் கோர்டோபா குழு நடத்திய சோதனையில், வழமையான அளவு புரதம் உண்டவர்களுக்கு நோய் கூடவில்லை. தசையும் அமோனியாவை அகற்ற உதவுகிறது. தசை கரைந்தால் நிலைமை மோசமாகும். பருப்பு, கடலை, தயிர் நல்லவை. இரவு படுக்குமுன் சிறிது உணவும் வேண்டும்.

சாராயம் தொடாதவருக்கும்

சிரோசிஸ் குடிகாரர் நோய் என்ற எண்ணம் ஆபத்தானது. கொழும்புக்கு அருகே ராகமவில் 2007இல் 35 முதல் 64 வயதுவரையான சுமார் 3,000 பேரைப் பரிசோதித்தபோது, மதுவால் அல்லாத ஈரல் கொழுப்பு மூவரில் ஒருவருக்கு இருந்தது. எல்லாருக்கும் அது சிரோசிஸ் ஆவதில்லை. ஆனால் நீரிழிவும் பருத்த வயிறும் உள்ளவர்கள் ஈரலைச் சோதித்துக்கொள்வது அவசியம்.

வீட்டில் கவனிக்க

காலி வீதியில் பஸ்ஸை மறிப்பதுபோல் கையை நீட்டி விரல்களை விரிக்கச் சொல்லுங்கள். மணிக்கட்டு பட்பட்டென்று தளர்ந்து விழுந்தால் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள்.

மலச்சிக்கல், கிருமித்தொற்று, குடலில் இரத்தக்கசிவு, உடலில் நீர் வற்றுதல் ஆகியவை இந்த மூளைப் பாதிப்பைத் தூண்டும். நித்திரைக் குளிசையும் அப்படித்தான். இரவில் முழித்திருக்கிறாரே என்று நாமே வாங்கிக் கொடுப்பது பெருந்தவறு. இதற்கு மருந்தான லக்டுலோஸ் பாணி, நாளுக்கு இரண்டு மூன்று தடவை இளக்கமாக மலம் போகும் அளவில் கொடுக்கப்படுகிறது. வெளியே போகக் கூச்சமென்று பலர் அதை நிறுத்திவிடுகிறார்கள். அளவை வைத்தியரோடு பேசி மாற்றலாம், நிறுத்தக்கூடாது.

ஆளை மட்டுக்கட்ட முடியாமல் போனாலோ, இரத்தம் வாந்தியெடுத்தாலோ, கறுத்த மலம் போனாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். இலவச அம்புலன்ஸ் சேவையான 1990க்கு உடனே அழையுங்கள். ஈரல் நோய் இருப்பதை அவர்களிடம் முதலிலேயே சொல்லுங்கள்.