எதிரிக்காக வெட்டாத அகழி

இங்கிலாந்து தேசத்தின் தென்மேற்குக் கோடியில் கார்ன்வால் என்ற ஜில்லா இருக்கிறது. அங்கே வீக் செயின்ட் மேரி என்று ஒரு சிறு கிராமம். அந்தக் கிராமத்துக்கு அருகே மரங்கள் அடர்ந்த ஒரு பள்ளத்தாக்கு. அதன் நடுவே ஓர் அதிசயமான இடம்!

நாற்புறமும் அகழி. அகழிக்கு நடுவே ஒரு திட்டு. திட்டின் மேல் புல் மூடிய குட்டைச் சுவர்கள். இவ்வளவுதான் கண்ணுக்குத் தெரியும்.

இந்த இடத்தின் பெயர் பென்ஹாலம். ஏறக்குறைய 700 ஆண்டுகளுக்கு முன் இது ஒரு பெரிய குடும்பத்தின் பண்ணை மாளிகை.

முதலை இல்லாத அகழி

அகழி என்றதும் நமக்கு ராஜா ராணிக் கதைகள் நினைவுக்கு வரும். பெரிய கோட்டை, தண்ணீரில் முதலை, அக்கரையில் எதிரியின் படை!

பென்ஹாலம் அப்படிப்பட்ட கோட்டை அல்ல. குடும்பத்தோடு வாழக் கட்டிய வீடு. இங்கிலாந்தில் இதுபோன்ற அகழி வீடுகள் இருந்த இடங்கள் சுமார் 6,000 இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை 1250க்கும் 1350க்கும் இடைப்பட்ட காலத்தில் உண்டானவை.

எதிரி இல்லாமல் அகழி எதற்கு? முக்கியமான காரணம், கௌரவம்! மன்னரும் பெரிய பிரபுக்களும் அகழி சூழ்ந்த கோட்டைகளில் வாழ்ந்தார்கள். அதைப் பார்த்த நிலச்சுவான்தார்களுக்கும் ஆசை வந்தது. கோட்டை போல மதில் எழுப்புவதென்றால் மன்னரிடம் அனுமதி பெறுவது வழக்கம். அகழி வெட்ட அந்தத் தொல்லை இல்லை. மண்ணும் மண்வெட்டியும் ஆட்களும் போதும்.

வேறு பயன்களும் உண்டு. அகழியில் மீன் வளர்த்தார்கள். வெள்ளிக்கிழமைகளிலும் விரத நாட்களிலும் கிறிஸ்தவர்கள் இறைச்சி தின்னக்கூடாது என்பது அந்நாளைய விதி. ஆகவே மீன் அவசியமாயிற்று. இரவில் திருடன் எளிதில் உள்ளே வர முடியாது. களிமண் பூமியில் தண்ணீர் அகழியில் வடிந்துவிடுவதால் வீட்டுத் தரையும் ஈரமில்லாமல் இருந்தது.

நான்கு கட்டு வீடு

பென்ஹாலம் மாளிகை கார்டினம் என்ற குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தது. கார்ன்வாலில் ஏராளமான நிலம் வைத்திருந்தவர்கள் இவர்கள். சுமார் 1180ஆம் ஆண்டிலிருந்து 1300 வரை இந்த வீடு சிறிது சிறிதாக வளர்ந்தது.

அகழியைத் தாண்ட ஒரு பாலம். அது வேண்டும்போது தூக்கிவிடக்கூடிய பாலம். வாசலைக் கடந்தால் ஒரு முற்றம். முற்றத்தைச் சுற்றி நான்கு பக்கமும் கட்டடங்கள்.

நடுநாயகமாக ஒரு பெரிய கூடம். எஜமானும் வேலையாட்களும் ஒன்றாக உணவருந்தும் இடம் அது. எஜமானின் குடும்பத்துக்குத் தனி அறை. வழிபாட்டுக்கு வீட்டிலேயே ஒரு சிறு கோயில். இன்னும், சமையற்கட்டு, ரொட்டி சுடும் அறை, பீர் காய்ச்சும் அறை! அந்தக் காலத்து இங்கிலாந்தில் பீர் என்பது வீட்டில் உள்ள எல்லோரும் அன்றாடம் குடிக்கும் பானம்.

கைவிட்டதே காப்பாற்றியது

14ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்த மாளிகையை விட்டு எல்லோரும் போய்விட்டார்கள். சுவர்க் கற்களை அக்கம்பக்கத்தார் தங்கள் கட்டடங்களுக்கு எடுத்துச் சென்றார்கள். மிச்சத்தைப் புல் மூடிற்று.

ஆனால் இதிலும் ஒரு நன்மை விளைந்தது. மற்ற இடங்களில் பணம் சேரச் சேரப் பிள்ளைகளும் பேரன்களும் பழைய வீட்டை இடித்துப் புதிது கட்டினார்கள். முதலில் எப்படி இருந்தது என்பதே தெரியாமல் போயிற்று. பென்ஹாலத்திலோ பிறகு ஒருவரும் வீடு கட்டவில்லை.

1968 முதல் 1973 வரை பெரஸ்போர்ட் என்ற புதைபொருள் ஆராய்ச்சியாளர் இங்கே தோண்டிப் பார்த்தார். 13ஆம் நூற்றாண்டு மாளிகை ஒன்றின் முழு அமைப்பும், எந்த அறை எங்கே என்பது உட்பட, வெளிப்பட்டது!

சேறும் ஓர் ஏடு

பிரபுக்களின் பெயர்களும் நில வழக்குகளும் பழைய ஏடுகளில் இருக்கின்றன. ஆனால், அடுப்பு மூட்டியவள் என்ன சாப்பிட்டாள்? மண் சுமந்தவன் காலில் என்ன அணிந்திருந்தான்? ஏடுகளில் அதைக் காண்பது அரிது.

அதற்கு அகழிச் சேறு பதில் சொல்லும். தண்ணீருக்கு அடியில், காற்றுப் புகாத சேற்றில் விழுந்த பொருள் எளிதில் மக்குவதில்லை. தோல் செருப்பு, மரக் கிண்ணம், பழக் கொட்டை, தானிய விதை முதலியவை பல நூற்றாண்டுகள் அப்படியே கிடக்கும்.

டிராக்டரும் சட்டமும்

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு இந்தப் பழைய அகழிகளுக்கு ஆபத்து வந்தது. உணவு உற்பத்தியைப் பெருக்கவேண்டும் என்ற வேகம். வயலில் பெரிய இயந்திரங்கள் இறங்கின. டிராக்டர் ஓட்டும் விவசாயிக்கு வயல் நடுவே ஒரு பள்ளம் இடைஞ்சல்தானே! பல அகழிகளைத் தூர்த்துச் சமப்படுத்தினார்கள்.

விஷயம் தெரிந்தவர்கள் பதறினார்கள். அகழி வீடுகளை ஆராய்வதற்கென்றே 1971இல் ஒரு குழு தோன்றியது. 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்த பழஞ்சின்னத்தை அரசாங்க அனுமதியின்றித் தோண்டுவதும் தூர்ப்பதும் குற்றம். ஆனால் எல்லா அகழிகளும் அந்தப் பட்டியலில் இல்லை.

பென்ஹாலம் பத்திரமாக இருக்கிறது. கட்டணமின்றி யாரும் போய்ப் பார்க்கலாம்.

தூர்த்துவிட்ட அகழியும் அடியோடு மறைவதில்லை. மழை பொய்த்த கோடையில் விமானத்திலிருந்து பார்த்தால், காய்ந்த வயலின் நடுவே ஒரு பச்சைக் கட்டம் தெரியும். அகழி இருந்த இடத்தில் ஈரம் அதிகம்; பயிர் செழித்திருக்கும். அந்தக் கட்டத்தைப் படம் பிடிக்கலாம். ஆனால் அடியில் உள்ள சேறு காய்ந்து போனால், 700 ஆண்டுகள் அதற்குள் இருந்த செருப்பும் கிண்ணமும் சில ஆண்டுகளிலேயே மக்கிவிடும். அவற்றை எந்தச் சட்டத்தாலும் மீட்க முடியாது.