இரத்தம் பிறக்கும் இடம்

இரத்தம் எங்கே உற்பத்தியாகிறது என்று கேட்டால், இதயத்தில் என்றே நம்மில் பலர் சொல்வோம். இதயம் இரத்தத்தை உடலெங்கும் அனுப்பும் வேலையைத்தான் செய்கிறது. இரத்த அணுக்கள் பிறப்பது எலும்பின் உள்ளே இருக்கும் மஜ்ஜையில். பெரியவர்களுக்கு இடுப்பெலும்பு, முதுகெலும்பு, மார்பெலும்பு, விலா எலும்பு ஆகியவற்றின் மஜ்ஜையே முக்கியப் பிறப்பிடம். அங்கே நாள்தோறும் ஏறத்தாழ 20,000 கோடி சிவப்பணுக்கள் உருவாகின்றன. ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களோ பத்து நாள்தான் வாழும். ஆகவே இந்தப் பணிக்கு ஒரு நாளும் ஓய்வில்லை.

இத்தனை வகை அணுக்களுக்கும் தாய் ஒன்றே. ஸ்டெம் செல் என்று மருத்துவர்கள் சொல்லும் குருத்தணுதான் அது. தன்னைப் போலவே இன்னொன்றைப் படைக்கவும், சிவப்பணு, வெள்ளணு, தட்டணு என்று பிரிந்து வளரவும் அதற்கு ஆற்றல் உண்டு. கனடாவின் டொராண்டோ நகரில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கல்லாக் ஆகிய இருவரும் எலிகளில் நடத்திய ஆய்வின் மூலம் 1961-ஆம் ஆண்டில் இதற்குச் சான்று காட்டினர்.

செய்தி சொல்லும் புரதங்கள்

எந்த அணு எவ்வளவு தேவை என்பது மஜ்ஜைக்கு எப்படித் தெரிகிறது? கோயில் அன்னதானத்தை நினைத்துப் பாருங்கள். பந்தியில் எத்தனை பேர் என்ற செய்தி சமையற்கட்டுக்குப் போகிறது; அதற்கேற்ப உலை வைக்கிறார்கள். உடலிலும் அப்படியே. இரத்தத்தில் பிராணவாயு குறைந்தால் சிறுநீரகம் எரித்ரோபொயட்டின் என்ற புரதத்தை அனுப்புகிறது. மஜ்ஜை உடனே சிவப்பணு உற்பத்தியைக் கூட்டுகிறது. சிறுநீரகம் பழுதானவர்களுக்குச் சோகை வருவதும், டயாலிசிஸ் செய்துகொள்வோர் பலருக்கு இந்தப் புரதம் ஊசி மூலம் செலுத்தப்படுவதும் இதனால்தான். கிருமி தொற்றும்போது வெள்ளணுக்களைப் பெருக்கச் சொல்லும் புரதம் ஜி-சி-எஸ்-எஃப். இத்தகைய புரதங்களை அறிவதற்கு ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் டொனால்டு மெட்காஃப் பல்லாண்டுகள் உழைத்தார்.

அணுவின் மேற்புறத்தில் இருக்கும் ஏற்பி இந்தச் செய்தியைப் பிடித்து உள்ளே கடத்துகிறது. தேவை தீர்ந்ததும் செய்தி குறைகிறது, பெருக்கமும் அடங்குகிறது.

செய்தி ஓயாவிட்டால்

இரத்தப் புற்றுநோயில் இந்த ஒழுங்குதான் கெடுகிறது. பந்தி முடிந்த பிறகும் உலை வைத்துக்கொண்டே இருந்தால் என்னவாகும்? அதுபோலத் தேவையற்ற அணுக்கள் மஜ்ஜையை நிறைத்து, நல்ல அணுக்களுக்கு இடமில்லாமல் செய்துவிடுகின்றன. அதனால்தான் நோயாளிக்குச் சோகையும், அடிக்கடி காய்ச்சலும், இரத்தக் கசிவும் உண்டாகின்றன.

நாட்பட்ட இரத்தப் புற்றுநோயின் ஒரு வகையில் 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. 1960-இல் அமெரிக்காவில் முதலில் காணப்பட்ட இந்தக் கோளாறு, அந்த நகரத்தின் பெயரால் பிலடெல்பியா குரோமோசோம் எனப்படுகிறது. இதனால் உண்டாகும் புரதம் 'பெருகு, பெருகு' என்று இடைவிடாமல் கட்டளையிடுகிறது. அந்தக் கட்டளையைத் தடுக்கும் இமாட்டினிப் என்ற மாத்திரை 2001-இல் பயன்பாட்டுக்கு வந்தபின், இந்நோயாளிகளில் பெரும்பாலோர் பல்லாண்டுகள் வாழ முடிகிறது.

எல்லா வகைக்கும் மாத்திரை போதாது. கடுமையான சில வகைகளில் நோயுற்ற மஜ்ஜையை மருந்தாலும் கதிர்வீச்சாலும் அழித்துவிட்டு, வேறொருவரின் நல்ல குருத்தணுக்களை இரத்தம் ஏற்றுவது போல் செலுத்துகிறார்கள். எலும்பிலிருந்து எழும் ஓர் அழைப்புப் புரதத்தைப் பின்பற்றி அவை தாமாகவே மஜ்ஜையைச் சென்றடைகின்றன. சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் இச்சிகிச்சை 1985-இல் தொடங்கியது.

நம்மவர் தேவை

கொடுப்பவரின் திசு வகை நோயாளியின் வகையோடு பொருந்த வேண்டும். இது இரத்தப் பிரிவு அன்று. பெற்றோரிடமிருந்து பாதி பாதியாக வரும் வேறோர் அடையாளம். உடன்பிறந்த ஒருவரோடு முழுதும் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். குடும்பத்தில் பொருந்துபவர் இல்லையென்றால், ஒரே இனத்தைச் சேர்ந்தவரிடம் தேடுவதே பெரும்பாலும் பலன் தரும். உலகப் பதிவேடுகளில் 4 கோடிக்கு மேற்பட்டோர் இருந்தாலும், அவர்களில் ஐரோப்பிய வம்சாவளியினரே மிகுதி. சிங்கப்பூரில் இந்தியர் நூற்றுக்கு ஒன்பது பேர் அளவில்தான் இருக்கிறோம். நம்மில் ஒருவருக்கு இந்நோய் வந்தால் தேடும் வட்டம் எவ்வளவு சிறியது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இங்கே 1993 முதல் எலும்பு மஜ்ஜைக் கொடையாளர் திட்டமும், சென்னையில் 2009 முதல் தாத்ரி அமைப்பும் இத்தேடலில் ஈடுபட்டுள்ளன.

பதிவு செய்ய, கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவிக் கொடுத்தால் போதும். முதுகுத்தண்டிலிருந்து எடுப்பார்கள் என்ற அச்சம் வேண்டாம். பொருத்தம் அமைந்தால், பெரும்பாலும் நான்கைந்து நாள் ஜி-சி-எஸ்-எஃப் ஊசி போட்டு, குருத்தணுக்களை இரத்தத்துக்கு வரவழைத்துக் கைநரம்பு வழியாகப் பிரித்தெடுக்கிறார்கள். உடல்வலி, தலைவலி சில நாள் இருக்கக்கூடும். சிலரிடம் மட்டும் மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து எடுப்பதுண்டு. கொடுத்த குருத்தணுக்கள் சில வாரங்களில் மீண்டும் ஊறிவிடும்.

ஒன்றை மட்டும் மறக்கலாகாது. நோயாளியின் மஜ்ஜை அழிக்கப்பட்ட பிறகு கொடையாளர் பின்வாங்கினால், அந்த உயிருக்குப் பேராபத்து. எனவே பதிவு செய்யும் முன்பே பெற்றோரிடமும் வாழ்க்கைத்துணையிடமும் கலந்து பேசி மனத்தைத் திடப்படுத்திக்கொள்வது நல்லது. பெரியவர்களும் இதற்காக முன்வரும் பிள்ளைகளைத் தடுக்காமல், விவரம் கேட்டறிந்து ஊக்கமளிக்க வேண்டும். கொடுத்தாலும் குறையாத செல்வம் கல்வி என்பார்கள். நம் எலும்புக்குள் ஊறும் இந்தச் செல்வமும் அத்தகையதே.