பரமபதம் ஆடும் கூடைப்பந்து லீக்: பிரான்ஸின் ப்ரோ பி

2022-23 சீசனில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணி என்பிஏவில் ஆடிய 82 ஆட்டங்களில் 60-ல் தோற்றது. தண்டனை? ஒன்றும் கிடையாது. பரிசுதான் கிடைத்தது. மோசமாக ஆடிய அணிகளுக்கு டிராஃப்ட் குலுக்கலில் அதிக வாய்ப்பு என்பது அங்கே விதி. அந்தக் குலுக்கலில் முதலிடம் விழுந்து, விக்டர் வெம்பன்யாமாவை அள்ளிக்கொண்டார்கள்.

சரி, வெம்பன்யாமா விட்டுவிட்டு வந்த பிரெஞ்சு அணி என்ன ஆச்சு? அதன் பெயர் மெட்ரோபாலிட்டன்ஸ் 92. அவர் இருந்த வருடம் பிரெஞ்சு லீக்கின் இறுதிப்போட்டி வரை போனது. அடுத்த வருடம் கடைசி இடம். இரண்டாம் நிலைக்கு இறக்கம். அங்கே போய் ஆடுவதற்குள் தொழில்முறை அணியையே மூடிவிட்டார்கள்.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் லீக்கின் அமைப்பு. என்பிஏ ஒரு மூடிய வட்டம். உள்ளே இருப்பவர் உள்ளேயே இருப்பார். பிரான்ஸில் இருப்பது நம்ம பரமபதம் மாதிரி. ஏணியும் உண்டு, பாம்பும் உண்டு. அந்தக் கட்டத்தின் நடுவில் இருப்பதுதான் ப்ரோ பி. சமீபத்தில் அதற்கு எலீட் 2 என்று பெயர் மாற்றிவிட்டார்கள். பழக்கத்தில் இருக்கும் பெயரையே இங்கே வைத்துக்கொள்கிறேன்.

மூன்று மாடி

மேல் மாடி முதல் டிவிஷன், நடு மாடி ப்ரோ பி. இரண்டையும் நடத்துவது 1987-ல் உருவான தேசிய கூடைப்பந்து லீக். அதற்குக் கீழே நாஷனால் 1. அது கூட்டமைப்பின் பொறுப்பு. ப்ரோ பியில் 18 முதல் 20 அணிகள் வரை ஆடியிருக்கின்றன. பொதுவான வழக்கம் இதுதான்: முதலிடம் பிடித்த அணி நேராக மேலே போகும், இன்னொரு அணி பிளேஆஃப் ஜெயித்துப் போகும், கடைசியில் நிற்பவர்கள் கீழே இறங்குவார்கள்.

இன்னொரு விதியும் முக்கியம். 12 வயதுக்கும் 21 வயதுக்கும் இடையில் குறைந்தது நான்கு சீசன் பிரான்ஸில் பதிவாகி ஆடியவரை "உள்ளூரில் உருவானவர்" என்று கணக்கிடுவார்கள். பாஸ்போர்ட் எந்த நாடு என்பது இந்தக் கணக்கில் வராது. ஒவ்வொரு அணியிலும் இத்தனை பேர் இப்படி இருக்க வேண்டும் என்று கட்டாயம் உண்டு.

யார் அங்கே இருக்கிறார்கள்?

இரண்டாம் டிவிஷன் என்றால் பெயர் தெரியாத அணிகள் என்று நினைத்தால் தப்பு. ரோவான் 1959-லும் 2007-லும் பிரெஞ்சு சாம்பியன். ஆந்த்தீப் 1970, 1991, 1995 என மூன்று முறை. வடக்கே உருக்காலையை நம்பி வாழ்ந்த சிறு ஊர் தெனான், 1965-ல் சாம்பியன். மூன்று அணிகளும் ப்ரோ பியில் பல சீசன் ஓட்டியவை.

பிரான்ஸில் கூடைப்பந்து பெரும்பாலும் சின்ன ஊர்களின் ஆட்டம். பெருநகரங்களைக் கால்பந்து எடுத்துக்கொண்டது. கூடைப்பந்தை வளர்த்ததில் மாதா கோயிலை ஒட்டிய இளைஞர் மன்றங்களுக்கும், அதற்குப் போட்டியாகப் பள்ளிகளைச் சுற்றி வந்த சங்கங்களுக்கும் பெரிய பங்கு உண்டு. ரோவான் கிளப்பின் பெயர் "கோரால்", அதாவது சேர்ந்து பாடும் பாட்டுக் குழு. நிஜமாகவே ஒரு பாட்டுக் குழுவிலிருந்து பிறந்த கிளப் அது.

ஏணிகள்

பாரிஸை ஒட்டிய நாந்தேர் கிளப், பாஸ்கல் டொனாதியூ என்ற ஒரே பயிற்சியாளரை வைத்துக்கொண்டு உள்ளூர் டிவிஷன்களிலிருந்து படிப்படியாக ஏறியது. 2011-ல் ப்ரோ பி சாம்பியன். 2013-ல் முதல் டிவிஷனில் எட்டாவதாக முடித்து, கடைசி ஆளாக பிளேஆஃபுக்குள் நுழைந்து, கோப்பையையே தூக்கியது. அதே வருடம் யூரோலீக்கில் பார்சிலோனாவை அதன் சொந்த அரங்கத்திலேயே தோற்கடித்தது.

மொனாக்கோவின் ஏணி இன்னும் நீளம். 2014-ல் நாஷனால் 1, 2015-ல் ப்ரோ பி, அடுத்தடுத்து இரண்டையும் ஜெயித்தது. 2025-ல் யூரோலீக் இறுதிப்போட்டியில் நின்றது. ஆனால் இது பணம் படைத்த முதலீட்டாளர் போட்டுக் கொடுத்த ஏணி என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பாம்புகள்

இறங்குவதற்கு இரண்டு வழி. ஒன்று, மைதானத்தில் தோற்பது. இன்னொன்று, கணக்குப் புத்தகத்தில் தோற்பது. கிளப்புகளின் வரவு செலவை ஆராய ஒரு தணிக்கைக் குழு இருக்கிறது. பட்ஜெட் நம்பும்படி இல்லையென்றால் சம்பளத்துக்கு உச்சவரம்பு வைக்கலாம், புள்ளிகளைக் குறைக்கலாம், கீழ் டிவிஷனுக்கே தள்ளலாம்.

இதற்கு லிமோஜை விடப் பெரிய உதாரணம் இல்லை. 1993-ல் ஐரோப்பிய சாம்பியன். எந்தக் குழு விளையாட்டிலும் ஐரோப்பாவின் மிக உயர்ந்த கிளப் கோப்பையை வென்ற முதல் பிரெஞ்சு அணி அதுதான். கால்பந்தில் மார்செய் ஜெயித்தது ஒரு மாதத்துக்கு மேல் கழித்து. 2000-ல் லிமோஜ் பிரெஞ்சு லீக், பிரெஞ்சு கோப்பை, கோராச் கோப்பை மூன்றையும் ஒரே சீசனில் வென்றது. பரிசு? கடன் காரணமாக ப்ரோ பிக்கு இறக்கம்! உடனே மேலே வந்தது. 2004-ல் திவாலாகி நாஷனால் 1 வரை போச்சு. மறுபடி ஏறி 2014-லும் 2015-லும் சாம்பியன். ஊர்க்காரர்கள் கைவிட்டிருந்தால் இந்தக் கதை 2004-லேயே முடிந்திருக்கும்.

பாம்பு தீண்டாத ஒரு அணி

நாஷனால் 1-ல் ஒரு விதிவிலக்கு உண்டு: கூட்டமைப்பின் பயிற்சி மைய அணி. பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் வளர்ந்த ஆட்களோடு மோதி, முக்கால்வாசி ஆட்டம் தோற்பார்கள். எத்தனை தோற்றாலும் இறக்கம் கிடையாது, ஏற்றமும் கிடையாது. டோனி பார்க்கர் அங்கே தோற்றுப் பழகியவர்தான்.

கற்றுக்கொள்ளும் பையன்களுக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு. சம்பளம் வாங்கி ஆடுபவர்களுக்குக் கிடையாது. என்பிஏ அதைப் பணக்கார உரிமையாளர்களுக்குக் கொடுத்து வைத்திருக்கிறது. எது நியாயம் என்று கேட்டால் என் ஓட்டு பிரெஞ்சு முறைக்கு. ஆனால் அதன் விலை பெரிசு: ஒரு மோசமான வருடத்தில் ஒரு ஊரின் கிளப்பே காணாமல் போகலாம். அதனால்தான் ப்ரோ பி அட்டவணையில் கடைசி இரண்டு அணிகள் மோதும் ஆட்டத்தைத் தேடிப் பார்க்கச் சொல்வேன். சீசன் முடியும்போது அந்த அரங்கத்தில் இருக்கும் படபடப்பு என்பிஏவின் கடைசி இடத்தில் கிடைக்காது.